மகனின் கைத்தொலைபேசிக்கு வந்த மாத்திரைப் படம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருக்கும் தாயின் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகனுக்கு 16 வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறான். தகப்பன் கட்டாரில் வேலை செய்கிறார். கனடாவில் இருக்கும் மாமா வாங்கி அனுப்பிய கைத்தொலைபேசியில், இன்ஸ்டாகிராம் வழியாக யாரோ ஒருவர் மாத்திரை அட்டையின் படத்தையும் விலையையும் "வேண்டுமென்றால் சொல்" என்ற ஒற்றை வரியையும் அனுப்பியிருப்பதைத் தாய் தற்செயலாகப் பார்த்துவிட்டார். கேட்டால், "யாரென்று எனக்குத் தெரியாது" என்கிறான் மகன். போனைப் பறித்துவிடலாமா, அவனுக்குத் தெரியாமல் கண்காணிக்கும் செயலி ஒன்றைப் போடலாமா, பொலிஸுக்குப் போனால் மகனையே பிடித்துவிடுவார்களா, பாடசாலைக்குச் சொன்னால் உயர்தரத்துக்கு இடம் தராமல் விட்டுவிடுவார்களா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். பாடசாலைகளும் ஊர்களும் என்ன செய்யலாம் என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

நான்கையும் சேர்த்து வாசித்தால் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான். பிள்ளை ஏற்கெனவே அகப்பட்டுவிட்டானா? அகப்பட்டிருந்தால், ஊரில் பெயர் அடிபடாமல் அவனை எப்படி வெளியே எடுப்பது? அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தில் முதலில் தோன்றுகிற காரியங்களைச் செய்துவிட்டால், விற்பவனுக்கு வேண்டியதை நாமே செய்து கொடுத்தவர்களாகிவிடுவோம். அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் யாழ் மாவட்டத்தில் பல ஆண்டுகளாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளும் அவர்களுடைய குடும்பத்தாரும்தான் என்னிடம் அதிகம் வருகிறவர்கள். நான் வைத்தியர் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. கைத்தொலைபேசிக்கு வந்த ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் மகன் பாவிக்கிறான் என்றோ பாவிக்கவில்லை என்றோ எவராலும் சொல்ல முடியாது. நான் சொல்லக்கூடியது, இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது, அதில் பிள்ளை எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறான், எந்த இடத்தில் அவனைத் திருப்பி எடுக்கலாம் என்பவைதான்.

இப்படியான செய்திகள் இரண்டு வழிகளில் வருகின்றன. ஒன்று, கண்டபடி வீசுகிற வலை. ஊரில் பலர் பின்தொடரும் ஒரு பக்கத்தையோ விளையாட்டுக் கழகத்தின் பக்கத்தையோ எடுத்து, அதில் இருக்கும் இளம் பெயர்களுக்கெல்லாம் ஒரே செய்தியை அனுப்புவார்கள். மற்றது, தெரிந்த ஒருவர் பெயரைக் கொடுத்து, அதன் பின் வருவது. உங்கள் மகனுக்கு வந்தது எது என்று பார்க்க ஒரு சிறு வழி உண்டு. இன்ஸ்டாகிராமில் நாம் பின்தொடராத ஒருவர் அனுப்பும் செய்தி வழக்கமான செய்திகளோடு சேராமல், "கோரிக்கைகள்" என்ற தனிப் பகுதியில்தான் கிடக்கும். அங்கே கிடந்தால் மகன் சொல்வது பெரும்பாலும் உண்மை. வழக்கமான செய்திகளுக்கு நடுவே இருந்தால், அந்தக் கணக்கை அவன் முன்பே ஏற்றிருக்கிறான் என்று பொருள். அதுவும் குற்றத்துக்குச் சான்று ஆகாது. பதினாறு வயதில் யார் கேட்டாலும் நட்புக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அடுத்து என்ன கேட்பது என்பதை அது தீர்மானிக்கும்.

அந்த ஒற்றை வரிக்குப் பதில் போனால் பிறகு நடப்பது அநேகமாக ஒரே ஒழுங்கில்தான் நடக்கும். பேச்சு இன்ஸ்டாகிராமிலிருந்து வட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாறும். அங்கே, தானாக மறையும் செய்தி என்ற வசதியைப் போட்டுவிடுவார்கள். வட்ஸ்அப்பில் 24 மணித்தியாலம், 7 நாட்கள், 90 நாட்கள் என்று அதற்குக் கால அளவு வைக்கலாம். பணம் போன் வழியாகவோ வங்கியின் பணவைப்பு இயந்திரம் வழியாகவோ போகும். பொருள் மட்டும் போன் வழியாக வர முடியாது. அதை யாராவது ஒருவர் ஒரு ஒழுங்கையின் முடக்கிலோ பாழடைந்த வீட்டு மதில் இடுக்கிலோ கொண்டுவந்து வைக்கத்தான் வேண்டும். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்தான். சில வேளைகளில் அவனும் பதினேழு வயதுக்காரன், அவனும் கடன்காரன்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், சமூக ஊடகத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒருவன்தான் ஆபத்து என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வீதியில் டொபி கொடுத்துப் பிள்ளைகளை அடிமையாக்குகிறான் என்று வட்ஸ்அப்பில் சுற்றிவரும் எச்சரிக்கைகளும் அந்த எண்ணத்தைத்தான் வளர்க்கின்றன. என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு முதல் மாத்திரையை, முதல் இழுப்பைத் தந்தது ஒரு நண்பன். சமூக ஊடகம் அதன்பின் வேலை செய்கிறது: வாங்குவதை இலகுவாக்குகிறது, இரவு பதினொரு மணிக்கும் கடை திறந்து வைக்கிறது, விற்பவனைப் பெற்றோரின் கண்ணில் படாமல் மறைக்கிறது. பிரித்தானியாவில் 2019 இல் 16 முதல் 24 வயதுவரையானவர்களிடம் எடுத்த கணிப்பில், நான்கில் ஒருவர் சமூக ஊடகத்தில் போதைப்பொருள் விளம்பரத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். கண்டவர்கள் எல்லோரும் வாங்கியவர்கள் அல்லர். உங்கள் மகனும் இப்போதைக்குக் கண்டவன் மட்டுமே.

சில பெற்றோர் என்னிடம் குறியீட்டுச் சொற்களின் பட்டியல் கேட்கிறார்கள். இலை, பனித்துகள், மின்னல் என்று விற்பவர்கள் பாவிக்கும் எமோஜிகளை அமெரிக்கப் போதைப்பொருள் அமலாக்க முகமை படமாகவே வெளியிட்டிருக்கிறது. அதை மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை என்பது என் கருத்து. அவை மாதத்துக்கு ஒரு முறை மாறும், ஊருக்கு ஊர் மாறும். பிள்ளை தன் நண்பனுக்குப் போட்ட மாம்பழ எமோஜியை வைத்து வீட்டில் விசாரணை நடத்தினால், அவன் அடுத்த தடவை உண்மையான ஒன்றையும் காட்ட மாட்டான்.

பொருளைப் பற்றி. வடக்கில் பிடிபடுவதாக நாம் அடிக்கடி கேள்விப்படுபவை பாக்கு நீரிணை வழியாகப் படகில் வரும் கேரள கஞ்சா, ஹெரோயின், ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமின், பிறகு பிரகபலின் போன்ற மாத்திரைகள். பிரகபலின் நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் வைத்தியர்கள் எழுதும் நல்ல மருந்து. மருந்துச்சீட்டு இல்லாமல் அதை விற்க முடியாது. நான் கண்ட விதத்தைச் சொல்கிறேன்: அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி வைத்திருப்பார்கள். பின்பக்கத் தாளில் மருந்தின் பெயரும் காலாவதித் திகதியும் இருந்த துண்டு வேறு யாரிடமோ போயிருக்கும். பிள்ளையின் சட்டைப்பையில் கிடைப்பது விரல் நகம் அளவு சதுரம், உள்ளே ஒரு குளிசை. "இது வலி மாத்திரை, பாமசியில் விற்பது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். பாமசியில் விற்பது என்ற ஒரு சொல்லே பிள்ளையின் பயத்தைப் போக்கிவிடுகிறது. ஹெரோயினோடோ மதுவோடோ தூக்க மாத்திரையோடோ இது சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகலாம். இது உறுதியாகத் தெரிந்த விஷயம். தொடர்ந்து எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதும் உறுதி. ஆகவே பிள்ளை எடுத்து வந்திருப்பது தெரிந்தால், அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், வைத்தியரிடம் காட்டி நிறுத்துங்கள்.

அமெரிக்காவில் இளம்பிள்ளைகள் சமூக ஊடகத்தில் வாங்கிய ஒற்றை மாத்திரையால் இறந்த செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அங்கே போலி மாத்திரைகளில் பென்டனில் என்ற மிக வலிமையான வலி மருந்து கலந்திருக்கிறது. 2 மில்லிகிராம் கூட உயிரைப் பறிக்கப் போதும் என்று எச்சரித்து, 2021 இல் பெரிய பிரசாரமே தொடங்கினார்கள். அது அந்த நாட்டின் நிலைமை. அந்த எண்களை இங்கே ஒட்டி உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் ஒரு பாடம் எல்லா நாட்டுக்கும் பொது. பெயர் இல்லாத குளிசைக்குள் என்ன இருக்கிறது என்பது வாங்குபவனுக்கும் தெரியாது, அதை விற்கும் உள்ளூர்ப் பையனுக்கும் தெரியாது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு பையனின் கதையை, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். ரியூசன் நண்பன் மூலம் அவனுக்கு இரண்டு மாத்திரைகள் இலவசமாகக் கிடைத்தன. அடுத்த கிழமை "காசு பிறகு தா" என்றார்கள். பிறகு சில ஆயிரம் ரூபா கடன் ஆனது. ஒரு நாள் இரவு, கடனைக் கேட்டவன் ஒரு படத்தை அனுப்பினான். நண்பர்களோடு இருந்தபோது இவன் கையில் மாத்திரையோடு இருந்த படம். "காசு வேண்டாம், ஒரு சரையைக் கொண்டுபோய் ஓரிடத்தில் வைத்துவிட்டு வா, இல்லையென்றால் படம் உன் அப்பாவுக்குப் போகும்" என்று எழுதியிருந்தான். அந்தப் பையன் போதைக்காக அதைக் கொண்டுபோகவில்லை. அவன் அப்பா ஒரு நாள் கோபத்தில், "இப்படி ஏதாவது கேள்விப்பட்டால் வீட்டு வாசற்படி மிதிக்க விடமாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து கொண்டுபோனான். மூன்றாவது தடவைக்கு முன் அவன் அம்மம்மாவிடம் அழுதான். அவர் எவரையும் கூப்பிட்டுச் சத்தம் போடவில்லை. பேரனுக்குச் சாப்பாடு போட்டுக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் தெரிந்த ஒரு ஆசிரியையைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். கடனும் படமும் தீர்க்கக்கூடிய பிரச்சினைகளாகவே இருந்தன. தீர்த்தோம். அந்தப் பையன் இப்போது வேலை செய்கிறான்.

விற்பவனின் மூலதனம் மாத்திரை அல்ல. "வீட்டில் சொல்ல முடியாது" என்று பிள்ளை நினைக்கிறானே, அதுதான் அவனுடைய மூலதனம். அந்த மூலதனத்தை அவன் கையிலிருந்து எடுத்துவிட்டால் மிரட்டலுக்கு வேலை இல்லை. பெண்பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் கொடூரமாக நடக்கிறது. அங்கே மிரட்டப் பாவிப்பது பெரும்பாலும் அந்தரங்கப் படம். "உங்களுக்குப் பெண்பிள்ளைதானே, பயமில்லை" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஆகவே போனைப் பறிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், இப்போது வேண்டாம். அவன் இந்தச் செய்தியைத் தேடிப் போனதாக உங்களுக்குத் தெரியாது. தேடாத ஒன்றுக்குத் தண்டனை கொடுத்தால், இனி இப்படி வந்தால் அழித்துவிட வேண்டும் என்றுதான் அவன் படிப்பான். கடன் இருந்தால், போன் இல்லாததால் கடன்காரன் வராமல் இருக்கப் போவதில்லை. அவன் வீட்டு வாசலுக்கே வருவான். அத்தோடு இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சான்றும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. ஆனால் இரவில் போன் படுக்கையறைக்குள் போகாது என்ற ஒழுங்கை வையுங்கள். ஒன்பதரை மணிக்கு எல்லோருடைய போனும், உங்களுடையதும் சேர்த்து, குசினியில் சார்ஜுக்கு இருக்கட்டும். இந்தப் பேச்சுக்கள் அதிகம் நடப்பது நள்ளிரவில். நித்திரை கெட்ட பிள்ளை எடுக்கும் முடிவு பகலில் எடுப்பது போல இருக்காது.

அவனோடு சேர்ந்து உட்கார்ந்து சில அமைப்புகளை மாற்றுங்கள். வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் தன்னைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்பதைத் தன் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றலாம். இன்ஸ்டாகிராம் 2024 செப்டெம்பரில் பதின்ம வயதினருக்கென்று தனி வகைக் கணக்கை அறிமுகப்படுத்தியது. அதில் கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருக்கும், முன்பின் தொடர்பில்லாதவர்களால் செய்தி அனுப்ப முடியாது. டிக்டொக்கில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனிச் செய்தி வசதியே கிடையாது. இவை எல்லாம் பிள்ளை உண்மையான பிறந்த ஆண்டைக் கொடுத்திருந்தால்தான் வேலை செய்யும். 2020 இல் கொரோனாக் காலத்தில் வகுப்புகள் போனுக்கு வந்தபோது, பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைகள் பலர் தங்களைப் பெரியவர்களாகக் காட்டிக் கணக்குத் திறந்தார்கள். அந்தக் கணக்குகளில் அவர்களுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. உங்கள் மகனின் கணக்கில் என்ன பிறந்த ஆண்டு இருக்கிறது என்று அவனையே திறந்து காட்டச் சொல்லுங்கள். பலர் பார்க்க மறக்கிற இடம் இது.

இரகசியக் கண்காணிப்புச் செயலி வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. சுவீடனில் ஹொகன் ஸ்டட்டின், மார்கரெட் கெர் என்ற இரு ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பலருடைய எண்ணத்தை மாற்றியது. பிள்ளை எங்கே போகிறான், யாரோடு இருக்கிறான் என்று தெரிந்து வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகவே பிரச்சினைகளில் மாட்டுகிறார்கள் என்பது முன்பே தெரியும். அந்தத் தெரிதல் எங்கிருந்து வருகிறது என்று இவர்கள் பார்த்தார்கள். துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் கிடைப்பதைவிட, பிள்ளை தானாகச் சொல்வதால் கிடைப்பதே அதிகம் என்று கண்டார்கள். சில குடும்பங்களில் செயலி ஒரு ஆபத்தைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். நான் அதை மறுக்கவில்லை. எட்டு, பத்து வயதுப் பிள்ளையின் போனை அவனுக்குத் தெரியவே பார்ப்பது பெற்றோரின் கடமை. பதினாறு வயதுப் பையன் ஒளித்து வைத்த செயலியைக் கண்டுபிடிப்பான். கண்டுபிடித்த நாளோடு உங்களிடம் சொல்லும் வழக்கம் நின்றுபோகும். இது ஆய்வு சொல்வதோடு நின்றுவிடவில்லை. என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த தாய்மாரும் மகன்மாரும் இதையே சொன்னார்கள்.

அப்படியானால் என்ன பேசுவது? முகத்துக்கு முகம் உட்கார்த்தி வைத்துப் பேச வேண்டாம். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டோ, கிணற்றடியில் வேலை செய்துகொண்டோ பேசுங்கள். கண்ணைப் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் பையன்கள் அதிகம் பேசுகிறார்கள். முதலில், "அன்றைக்கு உன் போனைப் பார்த்துப் பயந்துவிட்டேன். நீ கேட்டு வந்தது என்று நான் நினைக்கவில்லை" என்று சொல்லுங்கள். பிறகு, "உன் வகுப்பில் வேறு யாருக்கும் இப்படி வந்ததா?" என்று கேளுங்கள். தன்னைப் பற்றிச் சொல்லாதவன் மற்றவர்களைப் பற்றிச் சொல்வான், அதற்குள் தன் கதையையும் வைப்பான். கடைசியாக ஒரு வாக்குக் கொடுங்கள்: "யாராவது உனக்கு எதையாவது தந்தாலும், நீ வாங்கிவிட்டாலும், காசு கொடுக்க இருந்தாலும், யாராவது படத்தை வைத்து மிரட்டினாலும் என்னிடம் சொல். நான் அடிக்க மாட்டேன், போனைப் பறிக்க மாட்டேன், உன்னைக் கேட்காமல் மாமாவுக்கோ அயலுக்கோ சொல்ல மாட்டேன். என்ன செய்வதென்று இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்." இந்த வாக்கைக் கொடுப்பது இலகு. அவன் ஒரு நாள் உண்மையாகவே வந்து சொல்லும்போது காப்பாற்றுவது மிகக் கடினம். அந்த நேரம் உங்களுக்கு நெஞ்சு பதறும், கை ஓங்கும். அதற்கு இப்போதே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். அவன் அன்றைக்கே ஒன்றும் சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். சில பிள்ளைகள் வாக்கு உண்மைதானா என்று பார்க்கச் சின்னப் பிழை ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார்கள். சைக்கிள் உடைந்ததையோ பரீட்சையில் பார்த்து எழுதியதையோ சொல்வார்கள். அதற்கு நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்வார்கள்.

அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அடித்துத் திருத்தலாம் என்று நம் ஊரில் இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போதை விஷயத்தில் அடி பிள்ளையை நேரே விற்பவனிடம்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வீட்டில் அடி விழுந்த இரவில் நண்பனின் கொட்டிலில் படுத்தவர்கள்தான் என்னிடம் பிறகு மோசமான நிலையில் வந்தார்கள்.

பொலிஸ் விஷயத்தை இரண்டாகப் பிரியுங்கள். மகனுக்குச் செய்தி மட்டுமே வந்திருக்கிறது என்றால், அதைக் காட்டி முறையிடுவதால் அவன் குற்றவாளி ஆக மாட்டான். அனுப்பியவரின் கணக்குப் பெயர், நாள், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பிறகு செயலிக்குள்ளேயே அந்தக் கணக்கை முறையிட்டுவிட்டுத் தடை செய்யுங்கள். ஒழுங்கு முக்கியம்: தடை செய்தபின் சான்று தேடுவது சிரமம். வாங்குபவர் போல நடித்து ஆளைப் பிடித்துக் கொடுக்க நினைக்காதீர்கள், மகனை அப்படி நடிக்க வைக்கவே வேண்டாம். முகநூலில் அந்தப் படத்தைப் போட்டு "இவனைப் பிடியுங்கள்" என்று எழுதவும் வேண்டாம். நாள் முடிவதற்குள் உங்கள் மகனின் பெயரும் அதோடு சேர்ந்து ஓடும். சிறுவர்கள் தொடர்பான முறைப்பாட்டுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது. பொலிஸ் நிலையத்துக்குப் போவதானால் அங்குள்ள சிறுவர் மகளிர் பணியகத்தில் பேசுங்கள். உங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்றால் அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மகன் எதையாவது வாங்கியோ, வைத்திருந்தோ, இன்னொருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோ இருந்தால் கதை வேறு. 2022 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருப்பதற்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். 1976 க்குப் பிறகு இலங்கையில் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை, ஆனால் வழக்கும் விளக்கமறியலும் ஒரு பிள்ளையின் படிப்பை அழிக்கப் போதும். ஆகவே அப்படியான நிலையில் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். அதைச் செய்தபின் பொலிஸுக்குப் போவதா, எப்படிப் போவது என்று அவரோடு பேசி முடிவெடுங்கள். இந்த இடத்தில் என் சொல்லை ஆலோசனையாக எடுக்க வேண்டாம், வழிகாட்டலாக மட்டும் எடுங்கள்.

கணக்கை முடக்கினால் விற்பனை நின்றுவிடுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நிற்காது, ஆனால் முறையிடுவது வீண் அல்ல. டெலிகிராமின் தலைவர் பாவெல் டுரோவ் 2024 ஓகஸ்டில் பிரான்சில் கைது செய்யப்பட்டபோது, அந்தத் தளத்தில் நடந்த போதைப்பொருள் விற்பனைக்கு உடந்தை என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் குற்றவாளிகளின் தொலைபேசி இலக்கத்தையும் இணைய முகவரியையும் அதிகாரிகளிடம் கொடுப்போம் என்று அந்த நிறுவனம் தன் விதியை மாற்றியது. அழுத்தம் வந்தால் இந்த நிறுவனங்கள் அசையும். தமிழில் வரும் விளம்பரங்களைப் பற்றித் தமிழர் முறையிடாவிட்டால் வேறு யார் முறையிடப் போகிறார்கள்?

பாவித்திருப்பானோ என்ற சந்தேகம் உங்களை அரித்துக்கொண்டிருக்கும். ஐஸ் எடுத்தவர்கள் இரவு பகலாக நித்திரை இல்லாமல் இருப்பார்கள், பசிக்காது, உடம்பு வற்றும், எல்லோர் மீதும் சந்தேகம் வரும். ஹெரோயின் எடுத்தால் கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கும், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுவார்கள். கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், உடம்பு முறிக்கும். பிரகபலின் எடுத்தால் நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். ஆனால் பரீட்சை முடிந்த பையன் பகலில் தூங்குவதும், எரிந்து விழுவதும், கதவைச் சாத்திக்கொள்வதும் வயதின் இயல்பாகவும் இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். ஒரு அறிகுறியை வைத்து முடிவு கட்ட முடியாது. பணம் காணாமல் போவது, பழைய நண்பர்கள் எல்லோரும் ஒரேயடியாக மாறுவது, பிடித்த விளையாட்டைக் கைவிடுவது ஆகியவை சேர்ந்து வந்தால் கவலைப்பட வேண்டும்.

எழுப்பியும் எழும்பாமல் கிடந்தால், மூச்சு மெதுவாகவோ குறட்டை போலவோ வந்தால், உதடு நீலமாகினால், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையிலிருந்து வடக்கில் இயங்குகிறது, பணம் கொடுக்கத் தேவையில்லை. என்ன எடுத்தான் என்று தெரிந்தால் அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாயில் தேசிக்காய்த் தண்ணீர் ஊற்றுவது, தலையில் தண்ணீர் வார்ப்பது எல்லாம் நேரத்தைக் கொல்லும் வேலைகள்.

அவசரம் இல்லாத நிலையில், யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல உதவிச் சேவையின் 1926 ஆகிய இலக்கங்களில் முகம் காட்டாமலே பேசலாம். ஹெரோயினுக்கு உலகில் நன்கு பரிசோதிக்கப்பட்ட மருந்துச் சிகிச்சை உண்டு. ஐஸுக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை, அங்கே பேச்சுவழிச் சிகிச்சைதான் முதன்மையானது. மீண்டவர்கள் பலர் இருக்கிறார்கள், இடையில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வழுக்கி விழுந்தவர்களும் அதில் அடக்கம். கட்டிவைத்தும் அடித்தும் "திருத்தித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் இடங்களுக்கு மட்டும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

பாடசாலைகளும் ஊர்களும் என்ன செய்யலாம் என்றும் நீங்கள் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வருடத்துக்கு ஒரு தடவை மண்டபத்தில் பிள்ளைகளை இருத்தி, அழுகிய நுரையீரல் படத்தைக் காட்டி, பொலிஸ் அதிகாரியைப் பேச வைத்து, முன்பு போதைக்கு அடிமையாக இருந்த ஒருவரின் கதையைக் கேட்கச் செய்வது நல்லெண்ணத்தில் நடக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் வெளியிட்ட தடுப்புத் தரநிலைகள், இந்த வழிகளுக்குப் பயன் இல்லை, சில வேளைகளில் பாதகம் என்றே சொல்கின்றன. ஐஸ்லாந்தில் வேறு வழியில் போனார்கள். மாலை நேரத்தை விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினார்கள், பெற்றோரை ஒன்றிணைத்தார்கள். அங்கே 15, 16 வயதினரில் முந்தைய மாதம் வெறிக்கக் குடித்தவர்கள் 1998 இல் 42 சதவீதம், 2016 இல் 5 சதவீதம். அது மதுவைப் பற்றிய எண், பணக்கார நாட்டின் எண். இணையவழி விற்பனைக்கு அதே பலன் கிடைக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பணம் கொட்டிக் கட்டியவற்றில் சில நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஊருக்கு ஊர் சனசமூக நிலையமும் வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் இருக்கும் மண் இது. பல இடங்களில் இப்போது பத்திரிகை போட்டுவிட்டுப் பூட்டி வைக்கிறார்கள். சாதாரண தரம் முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் வெறுங்கையோடு இருக்கும் மாதங்களில் அந்தக் கதவுகள் மாலையில் திறந்திருந்தால் எவ்வளவோ நல்லது. உங்கள் மகனை இந்தக் காத்திருப்புக் காலத்தில் ஒரு தொழில் பயிற்சியிலோ கழகத்திலோ சேர்த்துவிடுங்கள். மாமா அடுத்த தடவை பணம் அனுப்பும்போது பையனின் கையில் கொடுக்காமல் அந்தப் பயிற்சிக் கட்டணத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பாடசாலைக்கு இப்போது சொல்லத் தேவையில்லை. செய்தி ஒன்று வந்ததைத் தவிர வேறு எதுவும் இல்லாதபோது சொல்வதற்கு ஒன்றும் இல்லை. வகுப்பில் பலருக்கு அதே கணக்கிலிருந்து வந்திருப்பது தெரிந்தால், மகனின் பெயரைச் சொல்லாமல், நீங்கள் நம்பும் ஒரு ஆசிரியரிடம் அந்தக் கணக்குப் பெயரை மட்டும் கொடுங்கள். கட்டாரில் இருக்கும் தகப்பனுக்குச் சொல்லத்தான் வேண்டும், மறைத்தால் பிறகு அது வேறு சண்டையாகும். ஆனால் மகன் பக்கத்தில் இருக்கும்போது வீடியோ அழைப்பில் சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் தனியாகப் பேசி, மகனுக்குக் கொடுத்த வாக்கை அவருக்கும் விளக்கி, அவரும் அதையே மகனிடம் தன் வாயால் சொல்வதாக ஒத்துக்கொண்ட பிறகு போனை மகனிடம் கொடுங்கள்.